நாய்க்கு உரிய பங்கு

நான் ரொறன்ரோவுக்குப் போனது ஒரு புத்தகத்தைப் பார்க்க. தம்பியைப் பார்க்கவும்தான். இந்த ஒழுங்கில் சொன்னதற்காக விமான நிலையத்திலேயே வாணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாணி தம்பியின் ஒரே மகள். நகரத்தின் நடுவில் ஒரு வங்கியில் வேலை. ரூஜ் பகுதியில் புது வீடுகள் நெருக்கி நிற்கும் ஒரு தெருவில் தகப்பனைத் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் இருபத்தாறு வீடுகள். இருபத்தாறுக்கும் ஒரே முகம். இப்படி ஒரு தெருவில் ஞாபகம் நல்லாக உள்ளவனே வீடு மாறிப் போவான் என்று காரில் சொன்னேன். அவள் கார் வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள்.

புத்தகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சுமார் அறுநூறு வருடங்களுக்கு முன் ஓர் ஆங்கிலப் பிரபு, வேட்டையைப் பற்றியும் வேட்டை மிருகங்களைப் பற்றியும் எழுதியது. பெரும்பகுதியைப் பிரெஞ்சிலிருந்து பெயர்த்து, தன் நாட்டு வழக்கங்களைச் சேர்த்திருக்கிறார். முயலில் தொடங்கி, மான், பன்றி, ஓநாய் என்று போய், நாய்களில் வந்து நிற்கும். யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் படிப்பித்த காலத்திலிருந்தே அதன் துண்டு துணுக்குகளைப் படித்து வந்திருக்கிறேன். நான் சைவம். ஒரு கோழிகூட அறுத்ததில்லை. ஒரு மனிதன் இன்னொரு உயிரை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறானே, அதுவும் கொல்லுவதற்காகப் பார்த்திருக்கிறானே என்ற வியப்புத்தான் என்னை அதோடு கட்டிப்போட்டது. படங்களோடு கூடிய பழைய பதிப்பு ஒன்று ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது என்று அறிந்து, பார்க்க அனுமதியும் எடுத்திருந்தேன்.

தம்பிக்கு மறதி வருத்தம் தொடங்கி நாலாவது வருடம். வாசல் கதவுக்கு உட்புறம் ஒரு கறுப்பு மிதியடி விரித்திருந்தது. இந்த நோயாளிகளுக்கு அது குழி போலத் தெரியுமாம், தாண்ட மாட்டார்களாம். ஓநாயைப் பிடிக்கக் குழி வெட்டி மூடிவைப்பதைப் பற்றி அந்த நூலில் வருகிறது. மனிதனுக்கும் வெட்டலாம், மண்வெட்டி தேவையில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

முதல் நாள் சாப்பாடு பிளாசாக் கடை இடியப்பம். பெட்டியில் இருபது. தம்பி பதினொன்று சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்து, இன்றைக்குச் சாப்பாடு இல்லையோ என்று கேட்டான். சம்பலில் உறைப்புப் போதாது, சொதியில் பால் தண்ணீர். ஊரில் என்றால் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்திருப்பேன் என்று வாணியிடம் சொன்னேன். தம்பி என்னை உற்றுப் பார்த்து, "மாஸ்டர், நீங்கள் எப்ப வந்தனியள்?" என்றான். நான் மாஸ்டர்தான். ஆனால் அவனுக்கு நான் அண்ணை.

அடுத்த நாள் காலை அவனைப் பார்த்துக்கொள்ளும் பெண் வந்தாள். மரிசெல் என்று பெயர், பிலிப்பைன்ஸ்காரி. மென்மையான கை, பெரிய குரல். மருந்தையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, "மிஸ்டர் வேலா! மிஸ்டர் வேலாயுதம்!" என்று கூப்பிட்டபடி வந்தாள். கதிரையில் கால் மடித்து இருந்தவன் காலைக் கீழே போட்டு எழும்பி நின்றான். வாசல் பக்கம் பார்த்தான். பிறகு என் காதருகே குனிந்து, "அப்பாவைத் தேடி ஆரோ வந்திருக்கினம். கதையாதையுங்கோ" என்றான்.

வேலாயுதம் எங்கள் அப்பா. தம்பி சிவபாலன், வீட்டில் ராசன். எங்கள் ஆட்களின் பத்திரங்களில் தகப்பன் பெயர் முன்னுக்கும் சொந்தப் பெயர் பின்னுக்கும் நிற்கும். கனடாவில் முன்னுக்கு நிற்பதுதான் ஆளின் பெயர். அதனால் தம்பி தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலாவாகவே இருந்தான், அதற்குப் பழகியும் போனான். ஆனால் நோய் முதலில் தின்றது அந்த முப்பது வருடத்தைத்தான். மிஞ்சியிருந்தவன் தலைமையாசிரியர் வேலாயுதத்தின் இளைய மகன். படலையில் நின்று யாராவது அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளைகள் மூச்சுக் காட்டக்கூடாது, அப்பாதான் போய்க் கதைப்பார் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதை மீறி ஓம் என்று குரல் கொடுத்தவனுக்கு என்ன நடக்கும் என்பது எங்கள் இருவர் காதுகளுக்கும் தெரியும்.

அன்று நான் நூலகத்துக்குப் புறப்பட்டேன். பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் கதைத்துக்கொண்டு வந்தார்கள். ஆற்றுப் பள்ளத்தாக்கில் கொயோட்டி என்ற சிறு ஓநாய் ஒன்று ஒருத்தியின் சின்ன நாயைக் கொண்டுபோய்விட்டதாம். கழுத்துப் பட்டி மட்டும் கிடைத்ததாம். மற்றவள், "நல்லகாலம், பட்டியாவது கிடைத்ததே" என்றாள். அவள் ஆறுதலுக்குச் சொன்னாளா பகிடிக்குச் சொன்னாளா என்று எனக்கு விளங்கவில்லை. சுரங்க ரயில் நிலையத்தில் மரக்கறி பற்றீஸ் ஒன்று வாங்கினேன். மஞ்சள் தோல், உள்ளே நாக்கைப் பொசுக்கும் சூடு, மரக்கறி என்று சொல்வதற்கு நாலு பட்டாணி. எண்ணித்தான் சொல்கிறேன்.

நூலகத்தில் பேனையை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் தந்தார்கள். புத்தகத்தைப் பஞ்சுத் திண்டுகளில், நோயாளியைக் கிடத்துவது போல, சாய்த்து வைத்தார்கள். மான் கிடக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்ற பகுதியைத்தான் நான் அதிக நேரம் படித்தேன். விடியுமுன் ஒரு வேட்டைக்காரன் மோப்ப நாய் ஒன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தனியே போகவேண்டும். சத்தம் போடக்கூடாது. குளம்படியின் அகலத்தைப் பார்த்து மானின் வயதைச் சொல்லவேண்டும். அதன் புழுக்கையைப் பொறுக்கி, ஊதுகொம்புக்குள் போட்டு, புல்லால் அடைத்துக் கொண்டுவரவேண்டும். பிறகு எல்லாரும் ஒரு வெளியில் கூடுவார்கள். துணி விரித்துக் காலைச் சாப்பாடு நடக்கும். அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே, பிரபுவின் முன்னால், புழுக்கைகளைக் கொட்டிக் காட்டுவார்கள். எதைத் துரத்துவது என்று அதைப் பார்த்துத்தான் தீர்மானம்.

துரத்தப்படும் மான் வந்த வழியிலேயே திரும்பி நடக்குமாம். தன் அடிமேல் அடி வைத்துச் சிறிது தூரம் வந்து, பக்கவாட்டில் ஒரு பாய்ச்சல் பாய்ந்து, அங்கேயே படுத்துக்கொள்ளுமாம். நாய்கள் கடந்து ஓடிவிடும்.

கடைசியில் நாய்களின் பங்கு. மான் விழுந்த பிறகு அதன் தோலை விரித்து, இரத்தத்தில் நனைத்த ரொட்டியை அதன்மேல் போட்டு, கொம்பூதி, நாய்களைத் தின்னவிடுவார்கள். தேடியதற்கும் கிடைத்ததற்கும் உள்ள தொடர்பு நாய்க்கு விளங்கவேண்டும், அதற்குத்தான் இந்தச் சடங்கு என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்தப் பக்கத்துப் படத்தில் பதினாலு நாய்கள். அந்தப் பக்கத்தோடு மூடினேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

திரும்பி வரும்போது எதிர்த்திசை பஸ்ஸில் ஏறிவிட்டேன். இங்கே தெருவின் எந்தப் பக்கம் நின்றாலும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது. மில்லிக்கன் வரை போய், இறங்கி, சாரதியிடம் திட்டு வாங்கி, மறுபடி ஏறி வந்து சேர்ந்தபோது பொழுதுபட்டிருந்தது. வீட்டுக்கு முன்னால் மூன்று பொலிஸ் கார்கள் நின்றன.

மரிசெல் தன் நேரம் முடிந்து போயிருக்கிறாள். அவளுக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்றிவரவேண்டிய பிள்ளைகள் உண்டு. வாணி வந்த ரயில் சமிக்ஞைக் கோளாறினால் இரண்டு நிலையங்களுக்கிடையில் நின்றுவிட்டது. அவள் உள்ளே இருந்தபடி வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்த இடைவெளியில் தம்பி மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். கறுப்பு மிதியடியைச் சுருட்டிச் சப்பாத்துத் தட்டில் வைத்திருந்தான். குழியை எடுத்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான்.

அடுத்த வீட்டுக் கதவுக் கமராவில் அவன் பூங்காவின் பக்கம் நடந்து போவது தெரிந்தது. அலுவலுக்குப் போகிறவன் போல நேராகப் போகிறான். ரூஜ் ஆற்றை ஒட்டிய அந்தக் காட்டைப் பூங்கா என்று சொல்கிறார்கள். முதல் பனி அன்றைக்குத்தான் மெல்லியதாக விழுந்திருந்தது. இரவுக்குக் குளிர் இன்னும் இறங்கும் என்றார்கள். பொலிஸ்காரர் பெயர் கேட்டபோது வாணி தகப்பனின் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவன் திரும்பி வந்தால் கதவைத் திறக்க வீட்டில் ஒருவர் இருக்கவேண்டும் என்று என்னை விட்டுவிட்டு எல்லாரும் போனார்கள். நான் கதவருகே கதிரையைப் போட்டு இருந்தேன். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாததால் கொக்கியில் தொங்கிய மேலங்கிகளை எண்ணினேன். எட்டு. ஒரு கொக்கி வெறுமை.

காலையில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான் பூங்காவின் வாகனத் தரிப்பிடத்துக்குப் போனேன். தேடவென்று வந்த எங்கள் ஆட்கள் நாற்பதுக்கு மேல் நின்றார்கள். மடக்கு மேசையில் கோப்பி, றோல்ஸ், கட்லட், ஒரு பெட்டி வடை. யாரோ இரவிரவாகப் பொரித்திருக்கிறார்கள். வடை நல்ல வடை. அதைக் கவனித்ததற்காக என்மேல் எனக்கே வெறுப்பு வந்தது. செம்மஞ்சள் சட்டை போட்டு ஒழுங்கு பார்த்தவர் சந்திரன் என்பவர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். இரவு முழுவதும் காட்டுக்குள் நின்றவர். குரல் அடைத்திருந்தது.

"பெரியவர், நீங்கள் காரிலை இருங்கோ. உங்களையும் துலைச்சுப்போட்டு ரெண்டு பேரைத் தேட எங்களாலை ஏலாது" என்றார்.

பக்கத்தில் நின்ற ஒருவன், "அண்ணை, உவர் வேட்டைப் புத்தகம் படிக்கவெண்டு வந்தவராம். விடுங்கோ, மோப்பம் பிடிச்சுக் காட்டட்டும்" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். நித்திரை இல்லாத சிரிப்பு. நான் கோபிக்கவில்லை.

மற்ற மேசையில் இரவு பொறுக்கிய பொருள்களைப் பைகளில் போட்டு வரிசையாக வைத்திருந்தார்கள். ஒரு கையுறை, மூக்குக்கண்ணாடிக் கூடு, சோடா மூடி, ஒரு குழந்தையின் சப்பாத்து, முகம் துடைக்கும் கைலேஞ்சி ஒன்று. கோப்பிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி பொலிஸ் அதிகாரி ஒவ்வொன்றாகக் காட்ட, வாணி இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டு வந்தாள். நேற்றைக்குப் படித்த வேட்டைச் சபை அப்படியே என் கண்முன் நின்றது. சாப்பாடும் தடயமும் ஒரே இடத்தில். கைலேஞ்சியைக் கண்டதும் நான் முன்னால் போனேன். நீளவாக்கில் மூன்றாக மடித்து, பிறகு இரண்டாக. அப்பா எங்களுக்குப் பழக்கிய மடிப்பு. என் பையில் கிடந்ததை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதிகாரி இரண்டையும் பார்த்துவிட்டு அந்தப் பையைத் தனியே எடுத்து வைத்தார். அது ஆற்றங்கரையில் கிடைத்ததாம்.

எல்லாரும் ஆற்றுப் பக்கம் வரிசையாக இறங்கினார்கள். என்னைத் தடுக்க ஆள் இருக்கவில்லை, நானும் பின்னால் போனேன். கைக்கெட்டும் இடைவெளியில் நின்று, கிளைகளை விலக்கி, எல்லாரும் ஒன்றாகக் கூப்பிட்டார்கள்.

"வேலாயுதம்! வேலாயுதம்!"

ஒலிபெருக்கியிலும் அதே பெயர், வெள்ளைக்கார உச்சரிப்பில். காடு முழுவதும் எங்கள் அப்பாவின் பெயர்.  எனக்கே இந்த வயதிலும் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கவேண்டும் போல இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சந்திரனின் கையைப் பிடித்து நிறுத்தினேன். "ஆரைக் கூப்பிடுறியள்?"

"உங்கடை தம்பியைத்தான்."

"அது தம்பி இல்லை. எங்கடை அப்பா."

 பெயர்க் குழப்பத்தை அவருக்கு விளக்கத் தேவைப்படவில்லை. அவருடைய அட்டையிலும் தகப்பன் பெயர்தான் முன்னுக்கு, பஸ்ஸில் பிள்ளைகள் தன்னைக் கூப்பிடுவதும் செத்துப்போன தகப்பனின் பெயரால்தான் என்று பிறகு சொன்னார். அந்த நேரத்தில் சொன்னது வேறு.

"விடிய விடியக் கூப்பிட்டனாங்கள், மாஸ்டர்."

நான் வீட்டுச் சட்டத்தைச் சொன்னேன். இந்தப் பெயர் கேட்டால் அவன் வாய் திறக்க மாட்டான், ஒளிந்துதான் இருப்பான் என்றேன். வாணி கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுடைய உதடு நீலமாக இருந்தது. "பேர் என்னெண்டு கேட்டாங்கள், பெரியப்பா. நான் அட்டையைக் குடுத்தன்" என்றாள். பிறகு அதையே இன்னொரு தரம், எனக்கல்ல, ஆற்றுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

பெயரை மாற்றினார்கள். "ராசன்! ராசன்!" அவனை அந்தப் பெயரால் கூப்பிட உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான். இப்போது நாற்பது பேர் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் கூப்பிட்டுவிட்டு நின்று கேட்டோம். ஆறு ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

முற்பகலில் இன்னொரு நாயைக் கொண்டுவந்தார்கள். இரவு வந்த நாய் ஆற்றங்கரையில் மணத்தை விட்டுவிட்டதாம். இது கபில நிறம், ஒரு காது மடிந்தது. பிடித்திருந்தவள் ஒரு பொலிஸ்காரி, இளம் வயது. எங்களையெல்லாம் மேலே ஏறி ஓரமாக நிற்கச் சொன்னாள். காலடி கூடிப்போய்விட்டது, மணம் எல்லாம் கலந்துவிட்டது என்று அவள் மற்ற அதிகாரியிடம் குறைப்பட்டது காதில் விழுந்தது. தம்பியின் தலையணை உறையை நாய்க்குக் காட்டினாள்.

நாய் ஆற்றங்கரை வரை போனது. அங்கே சுற்றியது. பிறகு திரும்பியது. வந்த வழியிலேயே, தரிப்பிடத்தை நோக்கி, வீடுகளை நோக்கி. சந்திரன் அலுத்துக்கொண்டார், அது தன் வாகனத்துக்குத் திரும்பப் போகிறது என்றார். நான் இல்லை என்றேன்.  தரிப்பிடத்துக்கு ஏறும் பாதையின் முடிவில் நாய் பக்கவாட்டில் முறித்து, தாழ்ந்த தேவதாரு மரங்கள் அடர்ந்த ஒரு இடத்துக்குள் புகுந்தது. அங்கே போய்க் குந்தி இருந்துகொண்டு பொலிஸ்காரியைத் திரும்பிப் பார்த்தது. குரைக்கவில்லை.

நாங்கள் வடை சாப்பிட்ட மேசையிலிருந்து பார்த்தால் அந்த மரங்கள் தெரியும்.

தம்பி மரத்தடியில் சாய்ந்து இருந்தான். மேலங்கியைக் கழற்றி, மடித்து, பக்கத்தில் வைத்திருந்தான். சப்பாத்துகள் சோடியாக, வாசலில் கழற்றி வைப்பதுபோல, வெளிப்பக்கம் பார்த்து நின்றன. குளிர் முற்றினால் கடைசியில் உடம்பு எரிவது போலிருக்கும், உடுப்பைக் கழற்றுவார்கள் என்று அதிகாரி வாணிக்கு மெதுவாகச் சொன்னார். இரவு முடியுமுன்னரே முடிந்திருக்கும் என்றார். அவன் இருந்த மரத்துக்கு அந்தப் பக்கம், எங்கள் ஊர் வீட்டு விறாந்தையின் அகலமளவு தூரத்தில், பனியில் தேடியவர்களின் காலடிகள் இரண்டு வரிசை தெரிந்தன. ஒன்று போனது. மற்றது வந்தது.

அவனை மூடினார்கள். வாணி முழந்தாளிட்டு இருந்தாள். அழவில்லை. எங்கள் ஆட்கள் பாதையோரத்தில் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்போது பின்னால், மூச்சு வாங்கும் சத்தமும் ஒரு பெண்ணின் கொஞ்சும் குரலும் கேட்டன. பொலிஸ்காரி நாயைக் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய், பையிலிருந்து ஒரு சிவப்பு ரப்பர்ப் பந்தை எடுத்து எறிந்துகொண்டிருந்தாள். நாய் துள்ளிப் பிடித்தது. வாலை ஆட்டியது. அவள் அதைத் தடவித் தடவிப் புகழ்ந்தாள்.

சந்திரன் அவளை நோக்கிப் போனார். "செத்தவீட்டிலை பந்து விளையாடுறியோ?" என்று தமிழில் கேட்டார். பிறகு ஆங்கிலத்தில், இதைவிடக் கெட்டதாக ஒன்று சொன்னார். அவள் முகம் சிவந்துபோனது. பந்தை மறைத்துக்கொண்டாள். மன்னிக்கவேண்டும், வாகனத்துக்குக் கொண்டுபோகிறேன் என்றாள். ஆனால் இப்போது, இந்த இடத்தில் கொடுக்காவிட்டால் அடுத்த ஆளை இது தேடாது என்று, யாரையும் பாராமல், தாழ்ந்த குரலில் சொன்னாள்.

எனக்கு அந்தப் பதினாலு நாய்கள் ஞாபகம் வந்தன. விரித்த தோலும் நனைந்த ரொட்டியும். நேற்று மூடிவைத்த பக்கம் இன்றைக்கு எனக்கு முன்னால் திறந்து கிடந்தது. நான் வாணிக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"பிள்ளை, அதுக்குக் குடுக்கத்தான் வேணும். இந்த இடத்திலைதான் குடுக்கவேணும். அது தன்ரை வேலையைச் செய்தது."

 வாணி எழும்பி, நேரே பொலிஸ்காரியிடம் போய், கையை நீட்டினாள். அந்தப் பெண் தயங்கித் தயங்கிப் பந்தைக் கொடுத்தாள். வாணி அதைத் தன் மேலங்கிக் கையில் துடைத்தாள். "அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிடாதது இது ஒண்டுதான்" என்றாள்.

தூரத்தில் எறிந்தாள். எங்கள் காலடிகள் எல்லாவற்றையும் கலைத்துக்கொண்டு நாய் பனிக்குள் ஓடிப்போய்ப் பந்தைக் கவ்வியது. அதோடு வாணியிடம் திரும்பி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மறுபடி அந்த மரத்தடிக்கே போனது. மூடிக் கிடந்த தம்பிக்குப் பக்கத்தில் பந்தை வைத்துவிட்டு, முன்போலவே இருந்துகொண்டு, எங்களைப் பார்த்தது.